ஆணி அடிக்கக் கூடாது

சாவி கொடுக்கும்போது ஹாஜி சொன்னது அது ஒன்றுதான்.
ரங்கூன், ஐம்பத்தோராம் தெரு, மேல்மாடி.
அச்சகம் மூடி நாலு வருஷம்,
சுவரில் இன்னும் மை வாசம்.
ஒன்பது நாளைக்கு வாடகை வேண்டாம்,
ஆணி மட்டும் கூடாது.

நைலான் கயிறு வாங்கினேன், துணிக் கிளிப் நூற்றைம்பது.
மாட்டப்போவது துணி இல்லை.
பன்னிரண்டு வருஷமாக நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே நிலையத்தில்
யாரும் வந்து வாங்கிப் போகாத படங்கள்.
காக்கி உறைக்குள் விலா, தாடை, முழங்கை.
வலி போனதும் மறந்தவர்கள்,
வலி போகாமலே வேறு ஊர் போனவர்கள்.
இப்போது எல்லாம் கணினியில்,
எடைக்குப் போட்டுவிடு என்றார் டாக்டர்.
வெள்ளிக்காக வாங்குகிறவன் தராசோடு வாசலில் நின்றான்.
எனக்கு வேண்டும் என்றேன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்
எனக்கும் தெரிந்திருக்காது.

தஸினுக்குத் தெரிந்தது.
ஒலி அவள் பொறுப்பு. ஆறு மாதமாக
தெருவின் ஜெனரேட்டர்களைப் போனில் பிடித்து வைத்திருக்கிறாள்.
மீன்கடையினுடையது இருமும்.
பல் டாக்டருடையது, பாவம், முனகும்.
படித்துறைப் பக்கம் ஒன்று, நிற்பதற்கு முன் மூன்று முறை விக்கும்;
அதை நெஞ்சுப் படங்களுக்கு வைக்கலாம் என்றாள்.
ரொம்ப அழகாக இருக்கிறது, வேண்டாம் என்றேன்.
ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

என் பங்குக்கு என் படமும் உண்டு:
கீழ்முதுகு, இருபத்தேழு வயது,
துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒரே மழைக்காலத்தின் ரசீது.
நடுவில் மாட்டுவதா ஓரத்திலா
இன்னும் முடிவாகவில்லை.

பெயர்களை என்ன செய்வது என்பதும்.
மூலையில் வெள்ளையாக நிற்கின்றன:
தோ எய், 60. ரெஜினா லூர்து, 19. ஞானப்பூ, 41.
கத்தரித்துவிடு என்கிறாள் தஸின்.
கத்தரித்தால்
எலும்பெல்லாம் ஒரே ஆள்.

புரொஜெக்டர் கணக்கு தனி.
எங்கள் வட்டாரத்துக்குக் கரண்ட்
ஒரு நாள் ஐந்திலிருந்து ஒன்பது, மறுநாள் ஒன்பதிலிருந்து ஒன்று.
அதுவும் தாளில்.
பேட்டரி வாடகை, டீசல், வயர், டீசல் விலை ஏறினால் இன்னும் இவ்வளவு.
நோட்டில் மூன்று பக்கம் கூட்டிப் பார்த்து
புரொஜெக்டரையே அடித்தேன்.
ஜன்னல் இருக்கிறது.
வெயில் முன்பணம் கேட்பதில்லை.

ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி
பாதிப் படம் மாட்டியிருந்த செவ்வாய்க்கிழமை
ஒரு பெண் படியேறி வந்தாள், மழைக்கோட்டு சொட்டச் சொட்ட.
மடித்து மடித்துக் கிழிந்த சீட்டு கையில்.
பதினொரு வருஷம் கழித்து.
வைத்தியத்துக்கா, வழக்குக்கா, சொல்லவில்லை.
நிலையத்தில் இங்கே கைகாட்டிவிட்டார்களாம்.

அறுபத்துமூன்றாவது கிளிப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தேன்.
ஜன்னலுக்குத் தூக்கிப் பார்த்தாள்.
"இது என் கை இல்ல. எனக்கு ஒடஞ்சது வலது."
திருப்பிப் பிடிங்க, என்றேன்.
திருப்பினாள்.
பெயர் நேரானது. கட்டைவிரல் தன் பக்கம் போனது.
"ஆமா," என்றாள், "வளையலக் கழட்டமாட்டேன்னு சண்ட போட்டேன்."
எலும்பைவிட வெள்ளையாக இருந்தது வளையல்.
கையை நீட்டிக் காட்டினாள். இப்போது இல்லை.

போகுமுன் தஸினின் போனில் பேசினாள், பதினெட்டு விநாடி.
அப்ப வலிச்சிச்சு. இப்ப மழைக்கு மட்டும்.
பின்னால் மீன்கடை இருமுகிறது.
சுத்தம் பண்ணிவிடலாம் என்றாள் தஸின்.
கொஞ்ச நேரம் கழித்து அவளே, வேண்டாம் என்றாள்.

படத்தைப் பாலிதீன் பையில் சுருட்டி, பேரம் பேசாமல்,
அவள் கொண்டுபோய்விட்டாள்.
நாங்கள் கயிறு எல்லாவற்றையும் அவிழ்த்தோம்.
ஜன்னலை ஒட்டி அல்ல, தூணுக்குத் தூண், அறை நடுவே,
ஆட்கள் இரண்டு பக்கமும் நடக்கும்படி.
கத்தரிக்கோல் அலமாரியில்.
அறுபத்துமூன்றாவது கிளிப் அப்படியே இருக்கட்டும்.

வாசலில் ஒரு தாள் வேண்டும், பர்மியத்திலும் தமிழிலும்:
உங்களுடையது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.
ஒன்பதாம் நாள் வெறும் கயிறு மிஞ்சினால்
தஸினுக்குக் கோபம் வரும்.
தாளைப் பசை போட்டுத்தான் ஒட்டணும்.