வலை என் கையில் இருந்தது

ஞாயிறு காலை ஏழு மணி.
தொழிற்சாலைப் பேருந்து என்னை இறக்கிவிட்டபோது
புளோக்கின் கீழே கார் தயாராய் நின்றது,
தூண்டில் கம்புகள் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு.
"ஏறு. காரிலேயே தூங்கிக்கலாம்" என்றார்.
இரவெல்லாம் பூதக்கண்ணாடியின் கீழ்
பச்சைத் தகடுகளில் ஈயப்பொட்டு தேடிய கண்கள்
பாலிக் பூலாவ் மலைவளைவுகளில்
ஒன்று மூட, ஒன்று திறக்க,
யூனிஃபார்மோடு போய்ச் சேர்ந்தேன் அணைக்கரைக்கு.

முதலில் பசியாறினோம்.
நாசி லெமாக் பொட்டலத்து நெத்திலியை
யுகேந்திரன் தண்ணீரில் எறிந்து பார்த்தான்:
"மீனுக்கு மீனு கொடுத்தா வருமா?"
வரவில்லை.
தனுஷியா ரொட்டியை உருட்டினாள்,
தூண்டிலுக்கு ஒன்று, வாய்க்கு இரண்டு.
கொஞ்சம் தள்ளி ஒரு மலாய்க்காரர்
குடையின் கீழ் உட்கார்ந்தபடி
கடன் வசூலிப்பவர்போல்
திலாப்பியாவை ஒவ்வொன்றாய் வாங்கிக்கொண்டிருந்தார்.
எங்கள் வாளியில் தண்ணீர் மட்டும்.
பத்தரை மணிக்கு அதில் ஓர் எறும்பு விழுந்தது.

"அம்மா, அங்கே தண்ணி கொதிக்குது."

சின்னவள் காட்டிய இடத்தில்
குழம்பு இறக்கும் நேரத்து எண்ணெய்போல்
செக்கச்செவேலென்று ஒரு வட்டம்.
பொரிந்தது, அடங்கியது,
நாலடி தள்ளி மறுபடி பொரிந்தது.
"தோமான் குஞ்சுங்க" என்றார் குரலை விழுங்கி.
"கீழே தாய் நிக்கும்."
ஆறு மாதமாய் லோரி ஓட்டாத கைகள்
ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல்
கம்பைப் பிடித்தன.

பச்சை ரப்பர் தவளை
வட்டத்தைத் தாண்டிப் போய் விழுந்து
குஞ்சுகளின் நடுவே நடந்து வந்தது.
அது கவ்வியது பசியில் அல்ல.
கம்பு வளைய, சுருள் கிறீச்சிட,
"வலை! வலையைக் கொண்டா!"

வலை என் கையில் இருந்தது.
முழங்கால் தண்ணீரில் நின்றேன்.
பாம்புத் தலை, கறுத்த முதுகு,
மகளின் தொடையளவு உடம்பு.
இழுக்க இழுக்க வந்தது கரைக்கு.
அதன் பின்னாலேயே வந்தது
சிவப்பு வட்டமும்.
தாய் போகும் திசை தவிர
வேறெதுவும் தெரியாத கூட்டம்
என் காலைச் சுற்றிப் பொரிந்தது.
ஓரத்தில் வெள்ளையாய் ஏதோ பாய்ந்து
கொஞ்சத்தைத் தின்றுவிட்டுப் போனது.
தனுஷியா மெல்லுவதை நிறுத்தினாள்.

நான் வலையை இறக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார்.
கரண்ட் பில்லுக்கும் அரிசிக்கும் நடுவே
பதினோரு வருடமாய்ப் பார்த்துக்கொள்ளும் அதே பார்வைதான்.
சட்டைப்பையில் குறடைத் தேடினார்.
மண்டியிட்டார்.
தண்ணீர் ஒருமுறை ஓங்கி அறைந்தது.
அவ்வளவுதான்.

"நூலு அறுந்துபோச்சுடா" என்று
தம்பியிடம் ஃபோனில் சொன்னார்,
ஒரு கால் பிய்ந்த தவளை
கம்பு நுனியில் ஆடிக்கொண்டிருக்க.
"நீதாம்மா விட்டுட்டே" என்ற பெரியவன்
அதற்குப் பிறகு வழிநெடுக
வாயைத் திறக்கவில்லை,
ஐஸ் கச்சாங் வேண்டுமா என்று கேட்டதற்குக்கூட.

சந்தையை மூடும் நேரம்.
பத்து வெள்ளிக்கு ஆறு கெம்போங்,
கழுவாமல் வாங்கிக்கொண்டோம்.
லிஃப்டில் ஆ லோய் அங்கிள்
கம்பைப் பார்த்தார், பையைத் திறந்து பார்த்தார்,
மலாயில் கேட்டார்:
"அணையில் பிடித்ததா? இது கடல் மீனாச்சே!"

இவர் தரையைப் பார்த்தார்.
நான் மாடி எண்களைப் பார்த்தேன்.
நாலு. ஐந்து.

"அந்த அணையிலே உப்பு ஜாஸ்தி, அங்கிள்"
என்றான் யுகேந்திரன்,
முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

ஆறாவது மாடியில் இறங்கினோம்.
என் சப்பாத்து
வீட்டு வாசல்வரை
சளக் சளக்கென்று பேசிக்கொண்டே வந்தது.