கட்டம் எண் பதினொன்று

உள்துறைமுக வீதியில்
ஐஸ் டிப்போவுக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம்.
கீழே கட்டி உடைத்தால்
மேலே தேத்தண்ணி நடுங்கும்.

மூன்று மீனவர் சங்கங்கள், மூன்று தரவுத்தளங்கள்.
மூதூரில் மைஎஸ்கியூஎல், காசில்லை என்பதால்.
கிண்ணியாவில் போஸ்ட்கிரெஸ்,
நஸ்லியாவின் தம்பி அதைத்தான் படித்திருந்தான் என்பதால்.
நகரத்துத் தலைமையகத்தில் ஒரக்கிள்,
ஏதோ ஒரு திட்டத்தின் கடைசி நாளில்
செலவழித்தே ஆகவேண்டிய பணத்தில் வந்தது.

"மூண்டோடயும் கதைக்கிற மாதிரி
நடுவில ஒரு அடுக்கு போடுங்கோ"
என்றார் செயலாளர்.
படிக்கட்டடியில் படுத்திருந்த மானைச் சுற்றிக்கொண்டு
போய்விட்டார்.

இரண்டு கிழமை தேடினோம்.
முதலாவது அழகாயிருந்தது.
கேள்வியே எழுதத் தேவையில்லை,
எந்தத் தளமானாலும் அதன் வழக்கில் தானே பேசும்.
ஆனால் ஒரு படகைக் கேட்டால்
அதன் இயந்திரம், வலை, கடன்,
கடன் கொடுத்தவர், அவருடைய மற்றப் படகுகள்
எல்லாவற்றையும் கரைவலை போல இழுத்து வந்து
நினைவகத்தில் கொட்டியது.
நாங்கள் கேட்டது
பதிவெண் மட்டும்.

இரண்டாவது மெல்லியது.
நீ எழுது, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றது.
பக்கம் பிரிக்கவே மூன்று இலக்கணம் என்று
கந்தளாயிலிருந்து வரும் உதேனி
சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தாள்.
மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அழகானதையே எடுப்போம் என்றிருந்தோம்.
பரிசோதனைக்கு
மூதூர்ப் பெண்களின் நானூற்றுப் பன்னிரண்டு படிவங்களை
மூன்றுக்குள்ளும் இறக்கினோம்.

கட்டம் எண் பதினொன்று: கணவர் பெயர்.
இரண்டு தளங்கள்
முப்பத்தொரு வெற்றுச் சரம், நூற்றாறு நல் என்றன.
ஒரக்கிள்
நூற்றுமுப்பத்தேழு நல் என்றது.
அதற்கு வெறுமையும் ஒன்றுதான், இன்மையும் ஒன்றுதான்.

பிழை யாருடையது என்று
மூதூர்க் கிளாக் ஜெஸ்மனுக்கு அழைத்தேன்.
பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் இரைந்தது.
"பிழையில்ல அக்கா.
இல்லையெண்டு சொன்னாக்களுக்கு வெறுமையா விட்டன்.
தெரியாதெண்டு சொன்னாக்களுக்கு
அந்தக் கட்டத்தையே தொடேல்ல."

அன்று நாங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கவில்லை.

மெல்லியதைத் தெரிந்தோம்.
அதோடு அட்டவணையில் இன்னொரு நிரை:
பதில் நிலை.
இல்லை. தெரியாது. சொல்ல விருப்பமில்லை.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்;
எண்ணை எந்தத் தளமும் விழுங்காது.

"அடுக்கு இதைப் பார்க்காதோ?" என்றார் செயலாளர்.
பார்க்காது என்றேன்.
ஒரு நாள் பிந்தியதற்கு
விலைப்பட்டியலில் ஒரு நாளைக் கழித்தார்.

படிவத்தை மீண்டும் நிரப்ப வந்தவர்களில்
சம்பூர் புவனலோஜினியும் ஒருவர்.
செருப்பெல்லாம் ஐஸ் தண்ணி,
மாடிப்படியில் தடம் விட்டிருந்தது.
மூன்று தெரிவுகளையும் வாசித்தா.
திரும்பவும் வாசித்தா.
"இப்ப ஒண்டைப் போட்டா
பிறகு மாத்தலாமோ?"

மாத்தலாம் என்றாள் நஸ்லியா.
உண்மைதான்.
அந்தக் கட்டளை மட்டும்
மூன்று தளத்திலும் ஒரே மாதிரி.

அவ பேனையை மூடியிலிருந்து எடுத்தா,
திரும்ப மூடினா,
கீழே ஐஸ் உடைத்து முடியட்டும் என்பது போல
கொஞ்ச நேரம் இருந்தா.