ஒரு மீற்றர் அகலம்

மாங்குளம் ஆஸ்பத்திரியின் பின் அறை
எனக்கு வியாழக்கிழமை மட்டும்.
மற்ற நாட்களில் அங்கே பல்லுப் பிடுங்குவார்கள்.
சுவரில் கடைவாய்ப் பற்களின் படம்.
மூன்று கதிரைகள்: நீலம், நீலம்,
ஒரு காலைக் கம்பியால் கட்டிய வெள்ளை.

தர்மலோஜினி சொல்லிவிட்டுத்தான் இருந்தாள்:
"மிஸ், நான் பழையதெல்லாம் கதைக்க மாட்டன்.
நித்திரை வராது, அவ்வளவுதான்.
குளிசை இருந்தால் தாங்கோ."

குளிசை என்னிடம் இல்லை.
இருப்பது நாற்பது நிமிடம்,
கிறீச்சிடும் ஒரு ஃபான்,
பிறகு நான்.

பயிற்சியில் எழுதி வைத்திருந்தேன்:
வெறும் கதிரையை எதிரே போடு,
இல்லாதவரை அதில் இருத்து, பேசச் சொல்.
வெள்ளைக் கதிரையை இழுத்து வைத்தேன்.
"இதில ஆரை இருத்தலாம்?"

பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள்.
இரண்டு காலையும் தூக்கி அதன்மேல் போட்டாள்.
"முழங்காலில நிண்டு நிண்டு
குதிக்கால் வரைக்கும் உளையுது."

கொழும்பில் எனக்குப் படிப்பித்தவர்
இதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்.
நான் கால்களைப் பார்த்தேன்.
செம்மண் குடியேறிய வெடிப்புகள்,
சுண்டுவிரலில் நகமில்லை.

"இப்ப காலுக்கு எப்பிடி இருக்கு?"
"இப்ப..."
அந்தச் சொல்லில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான்
அடுத்ததற்குப் போனாள்.
"இப்ப சுகம்."

ஏழு வருடமாய் மிதிவெடி எடுக்கிறாள்.
ஒரு மீற்றர் அகலத்தில் ஒழுங்கை பிடித்து,
கருவி கத்தினால் குனிந்து,
கம்பியைச் சரித்துப் பிடித்து
விரலுக்கு விரல் நிலத்தைக் கேட்கிற வேலை.
"அங்க நேற்று இல்லை மிஸ். பின்னேரமும் இல்லை.
கண் இருக்கிற இடத்தில கை,
கை இருக்கிற இடத்தில நான்.
வீட்ட வந்தால்தான் எங்கயோ போயிடுறன்.
மகன் 'அம்மா' எண்டு கூப்பிட்டால்
ஆரைக் கூப்பிடுறான் எண்டு இருக்கும்."

நான் முன்னால் சரிந்தேன்.
எப்போதிருந்து? எந்த நேரத்தில்?
அதற்கு முன்னால் என்ன நடந்தது?
குத்திக் குத்திப் பார்த்தேன்.
அவள் உள்ளங்கையை உயர்த்தினாள்,
வேலைத்தளத்தில் ஆளை நிறுத்துகிற கை.

"மிஸ், நீங்க மூச்சு விடேல்லை."

உண்மை.
நெஞ்சுக்குழியில் ஒரு முடிச்சு,
எத்தனை மணிக்கு வந்ததென்று தெரியாது.
தோள்கள் காதுவரை ஏறியிருந்தன.
நான் அந்த அறையிலேயே இல்லை.
மாத அறிக்கையில் அவளுக்கான கட்டத்தை
நிரப்பிக்கொண்டிருந்தேன்.
மறைத்திருக்கலாம்.
"ஓம்" என்றேன், "இந்த இடம் இறுகிப்போச்சு.
உங்களைக் கெதியாய்ச் சுகப்படுத்திப்போட வேணும் எண்ட அந்தரம்."

அவள் சிரிக்கவில்லை.
"எங்களுக்கு இடைக்கிடை விசில் ஊதுவினம்,
முகக்கவசத்தைத் தூக்கி மூச்சு விட.
விடாட்டிக் கை நடுங்கும்."

அதன்பிறகு இருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
கண்டி வீதியில் ஒரு லொறி கியர் மாற்றியது.
அவள் கண் யன்னலுக்குப் போனது,
பற்களின் படத்துக்குப் போனது,
என்னிடம் வந்து
நின்றது.
இடையில் ஒரு மீற்றர் இருக்கும்.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.
கண் நிரம்பியது. துடைக்கவில்லை.
ஏன் என்று அவள் சொல்லவில்லை,
நான் தோண்டவில்லை.
"வருது மிஸ்" என்றாள்.
"வரட்டும். இருக்கிறன்."

பன்னிரண்டேகால் பஸ்சுக்கு எழும்பினாள்.
செருப்புக்குள் காலை நுழைத்தபடி,
"வாற வியாழன் அந்த உடைஞ்ச கதிரை இருக்குமோ?"
"பல்லு டொக்டர் எறியாட்டி இருக்கும்."

வெள்ளையில் இரண்டு குதிக்கால் தடம்.
துடைக்கத் துணி தேடினேன்.
அதற்குள் அடுத்த மனுசன் வந்து
நேரே அதில்தான் இருந்தார்.
கம்பி கட்டிய கால் ஒருமுறை ஆடியது.
நாங்கள் இரண்டு பேரும்
அதைத்தான் முதலில் பார்த்தோம்.