கணவன் இல்லாத எட்டு மணி நேரம்

தியன் பியன் விமான நிலையத்தில்
சோதனை வாயில் என்னுடையது.
சீருடைத் தொப்பி ஒரே அளவில்தான் வரும்.
நான் தாய் டாம் இனத்தவள்.
மணமானவளின் கொண்டை எங்களுக்கு உச்சியில் நிற்கவேண்டும்,
படியைக் கவிழ்த்து வைத்ததுபோல.
அதன்மேல் தொப்பி உட்காராது.
ஆகவே காலை ஐந்தரைக்கு, கழிவறைக் கண்ணாடி முன்,
கொண்டையைப் பிடரிக்கு இறக்குகிறேன்.
பிடரிக் கொண்டை தாலியறுத்தவளுக்கு,
அல்லது இன்னும் யாரும் பெண் கேட்டு வராதவளுக்கு.
"இன்றைக்கும் என்னைக் கொன்றாயா?" என்பான் இங்,
சாயங்காலம், வண்டியை உதைத்துக்கொண்டே.

நேற்று முதல் விமானத்துக்கு ஒரு ஹ்மோங் பெண்.
தாவ் தி பாங், சீட்டில் அப்படித்தான் இருந்தது.
ஹனோயில் மகளுக்குப் பிரசவம்.
சணல் பாவாடையில் எத்தனை மடிப்பு என்று எண்ண
பின்னால் நின்ற வரிசைக்குப் பொறுமையில்லை.
அவள் நுழைந்தாள், வாயில் அலறியது.

கழுத்து வளையத்தைக் கழற்றினாள்.
அலறல்.
கைவளை நான்கு.
அலறல்.
மார்பில் தைத்திருந்த பழைய பிரெஞ்சுக் காசுகளைப்
பொத்திக்கொண்டாள்.
"இதையும் எடுத்தால் நான் வேறு ஆள்.
சீட்டில் என் பெயரல்லவா இருக்கிறது?"

கருவியோடு அவளைச் சுற்றி வந்தேன்.
அவுரித் தொட்டியின் புளித்த வாசம்.
என் உள்ளங்கையில் நீலம் ஒட்டியது.
இடுப்பு மடிப்பில் ஒரு கீச்சொலி:
ஊசி, சிவப்பு நூல் கோத்தபடி.
வரிசையில் நின்றபடியே தைத்திருக்கிறாள்
பேரப்பிள்ளைக்கு ஒரு தொப்பி.
மேலிருந்து பார்க்கும் பேய்கள்
பூவென்று நினைத்துப் போய்விடுமாம்.
"இன்றைக்கு நானே மேலிருந்து பார்த்துவிடுகிறேன்,
ஏமாறுகிறேனா என்று."

வளையங்களை மாட்டிக்கொண்டே கேட்டாள்,
"உன் ஆள் எப்போது செத்தான்?"
எனக்குப் புரியவில்லை. என் பிடரியைக் காட்டினாள்.
"சாகவில்லை, அக்கா. வீட்டில் துணி காயப்போடுகிறான்."
தொப்பியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"இதைத் தைத்தவன்
யார் தலையை அளந்தான்?"

ஊசியை எடுத்துக்கொண்டேன். விதி.
பதிவேட்டில் எழுதினேன்:
ஊசி, ஒன்று. நூல், சிவப்பு, ஒன்றரைச் சாண்.
தொப்பியில் ஓர் இதழ் பாக்கியோடு
அவள் ஓடுபாதையில் நடந்து போனாள்,
ஒவ்வோர் அடிக்கும் காசுகள் பேச.

மாலையில் இங் வந்தான். அதே கேள்வி.
பதில் சொல்லவில்லை.
வாகன நிறுத்தத்திலேயே, எல்லோரும் பார்க்க,
வெள்ளி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு
முடியை உச்சிக்கு ஏற்றிச் சுருட்டினேன்.
ஹெல்மெட்டும் உட்காராதுதான்.
வீடுவரை அது
என் மடியில் வந்தது.