பந்துக்குளம் இருக்கிறதா?

ரொசாரியோவில் எல்லோரும் போனில் முதலில் கேட்பது
விலா இறைச்சி மீதமிருக்கிறதா என்று.
நான் கேட்பது: பந்துக்குளம் இருக்கிறதா,
கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா,
தாழ்ப்பாள் எந்த உயரத்தில்?
மறுமுனையில் கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம் மட்டும்.
பிறகு, "அம்மணி, இது சாப்பாட்டுக் கடை."

பூங்காவுக்கு எதிரே ஒன்று, வெள்ளை மேசைவிரிப்பு.
நஹுவேல் அதன் நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு
எழுந்து நின்றான், அவ்வளவுதான்.
இரண்டு கோப்பை, உப்புக்குடுவை,
பக்கத்து மேசைக்காரரின் மூக்குக்கண்ணாடி.
மன்னிப்புக் கேட்டபடியே வெளியேறுவதில்
எங்களுக்கு இப்போது நல்ல தேர்ச்சி.
பையன் உலிசெஸிடம், பெண் என்னிடம்,
பால்புட்டி யார் பல்லிடுக்கில் வசதியோ அவரிடம்.

இன்னொன்றில் "குழந்தைகள் மூலை" என்று பலகை.
மூலை இருந்தது.
சக்கரமில்லாத லாரி ஒன்று,
யாரோ எல்லாப் பக்கத்திலும்
நீலம் தீட்டி முடித்துவிட்ட புத்தகம்.
ரெனாத்தா லாரியை நக்கிப் பார்த்தாள்.
கிளம்பிவிட்டோம்.

மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
என் குறிப்புகள் இப்படிப் போகின்றன:
சறுக்குமரம் உண்டு, இறங்கினால் நேரே நெடுஞ்சாலை.
ஊஞ்சல் உண்டு, பரானா ஆற்றின் மொத்தக் கொசுவும் உண்டு.
பிறந்தநாள் என்று பொய் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள்.
(சொன்னோம். பாட்டுப் பாடி கேக் வைத்துவிட்டார்கள்.
நஹுவேலுக்கு அந்த மாதம் இரண்டு முறை நாலு வயது.)

அப்புறம் அந்தச் சனிக்கிழமை.
ரயில் பாலம் தாண்டி, பழைய டயர் கிடங்கு,
இரவு ஒன்பதரை.
இந்த ஊர் அதற்கு முன் முள்கரண்டியைத் தொடாது,
பிள்ளைகளும் ஆந்தைகளாகவே பிறக்கிறார்கள்.
கண்ணாடிச் சுவர்.
அதற்கப்பால் இடுப்பளவுக்குச் சிவப்பும் மஞ்சளும்,
கழுத்தில் விசில் தொங்க மிலாக்ரோஸ் என்றொரு பெண்.
இரண்டு மணிக்கட்டிலும் முத்திரை குத்தினாள்:
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
தாழ்ப்பாள் அவள் தலைக்கு மேலே.
அதைப் பார்த்தபோது அழுகை வந்தது எனக்கு.

நாங்கள் இருவர், ஒரு மேசை.
"சொல்லு" என்றான் உலிசெஸ்.
"நீ சொல்லு."
எரிவாயு பில்லைச் சொன்னான்.
தடுப்பூசித் தேதியைச் சொன்னேன்.
சரக்கு தீர்ந்துவிட்டது.
ரொட்டியைப் பிய்த்து உருட்டிக்கொண்டிருந்தோம்,
முதல் சந்திப்புக்கு வந்தவர்களைப் போல,
அதைவிட மோசமாக.

"உன் தாடியில் எப்போது நரைத்தது?"
"போன குளிர்காலம்."
"சொல்லவேயில்லை."
"சொல்ல ஆரம்பித்தேன். ரெனாத்தா வாந்தி எடுத்தாள்."

சிரிப்பு அடங்குவதற்குள் இறைச்சி வந்தது,
தட்டிலும் பொரிந்துகொண்டு, கொழுப்பின் ஓரம் கருகி.
நாலு வருஷமாகச் சூடாக எதையும் தின்றதில்லை நாங்கள்.
கத்தியை எடுத்தேன்.
கண்ணாடியில் விசிலால் தட்டுகிறாள் மிலாக்ரோஸ்:
முப்பத்தொன்றுக்கு ஒரு ஷூவைக் காணோம்.

"நீ சாப்பிடு, நான் பார்க்கிறேன்" என்று போனான்.
முழங்கால் மறைந்தது. இடுப்பு மறைந்தது.
பிறகு அந்த நரைத்த தாடியும்.
ஒரு நிமிடம். ஐந்து.
ஏழெட்டுப் பிள்ளைகள் அவன் முங்கிய இடத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.
தேடுபவன் அப்படியா கையை விரித்து மிதப்பான்?

நானும் செருப்பைக் கழற்றினேன்.

உள்ளே பந்துகள் குளிர்ந்திருந்தன,
ரப்பரும் யாருடைய சாக்ஸும் மணத்தன.
அடியில் கை துழாவினால் உருளைச்சிப்ஸ், ஒரு கிளிப்,
உலிசெஸின் கை.
பிடித்தான். விடவில்லை.
மேலே ரெனாத்தா என் வயிற்றின் மீது
தன் முழு எடையோடு உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பரிமாறுபவர் எங்கள் தட்டின் மேல்
இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்,
இதெல்லாம் அவருக்குத் தினமும்.

ஆறியதைத்தான் தின்றோம்.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தால்
நஹுவேல் காலில் மாட்டி வந்த ஷூ பச்சை,
அவனுடையது நீலம்.
யார் பிள்ளையோ எங்கோ இந்நேரம்
நீலத்தில் ஒரு கால், பச்சையில் ஒரு கால்.
துடைத்துப் பையில் வைத்திருக்கிறேன்.
சனிக்கிழமை திருப்பிக் கொடுக்கப் போக வேண்டும்.