ஏழாயிரம்

ஒலிப்பதிவில் என் குரல் என்னைவிட இளையதாக இருக்கிறது.
மாலை நாலு இருபத்திரண்டு.
"ஏழாயிரத்துக்கு இறங்குங்கள்" என்கிறது.
இரைச்சல்.
யாரோ டீ கிளாஸை மேசையில் வைக்கும் சத்தம்.
அதுவும் நான்தான்.
பிறகு பெங்களூர் விமானத்தின் கேப்டன்,
நாலாவது ட்ரிப் ஓட்டுகிற நல்ல மனிதரின் குரல்:
"ஆறாயிரத்துக்கு இறங்குகிறேன்."
ஒன்றரை விநாடி.
"சரி" என்கிறேன்.

துளசிங்கம் சார் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார்.
ஐந்து முறை.
ஐந்து முறையும் அவள் சரி என்றாள்.
ஆறாவது முறையாவது வேறு ஏதாவது சொல்வாள் என்று
நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

கமலாபுரம் கோபுரத்தில் ரேடார் கிடையாது.
காதுதான் கண்.
தெற்கே கஞ்சமலை தெரியும்,
மாக்னசைட் வெட்டிய வெள்ளைப் பள்ளங்கள் தெரியும்,
கிழக்கே சேர்வராயன் மலை
ஐப்பசியில் பாதிதான் இருக்கும்.
மீதியை மேகத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த மேகத்தில், ஆறாயிரத்தில்,
ஏற்கெனவே ஒருவன் இருந்தான்.
ருஷிகேஷ். நாக்பூர்ப் பையன்.
பயிற்சி விமானம், தனியாக ஏறிய நாலாம் நாள்.
டேனிஷ்பேட்டைக்கு மேலே வட்டமடிக்கச் சொல்லி
நான்தான் நிறுத்திவைத்திருந்தேன்.
"அப்படியே இருங்கள்" என்றிருந்தேன்.
அப்படியே இருந்தான்.

ஆயிரம் அடி என்பது எங்கள் தொழிலில் ஒரு சுவர்.
செங்கல் இல்லை, கலவை இல்லை.
ஒருவர் சொன்னதும் எழும்பும்,
மற்றவர் திருப்பிச் சொன்னதும் காயும்.
அவ்வளவு ஈரமான சுவர் அது.

ஸ்ட்ரிப்பில் ஏழு என்றுதான் இருக்கிறது,
என் கையெழுத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தெளிவாக.
அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன்.
காதில் விழுந்தது ஆறு.
அவர் சொன்ன எண்ணை நான் கேட்கவில்லை,
நான் எண்ணியதைக் கேட்டேன்.

விசாரணைப் படிவத்தில் கட்டங்கள் இருந்தன:
தூக்கக் குறைவா, உடல்நலமா, வீட்டில் பிரச்சினையா?
எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதினேன்.
முந்தின இரவு எட்டு மணி நேரம் தூங்கினேன்.
மதியம் தயிர்சாதம், மாவடு.
மனசு லேசாக இருந்தது.
அதை எழுதக் கட்டம் இல்லை.
பயமே அதுதான்.

மேகம் விலகிய இடத்தில் பையன் பார்த்திருக்கிறான்.
வானொலி மரியாதையெல்லாம் மறந்து
தன் மொழியில் கத்தினான்.
எனக்குப் புரியவில்லை.
கேப்டனுக்குப் புரிந்தது, மூக்கைத் தூக்கித் திருப்பினார்.
நடுவில் மிஞ்சியது முந்நூறு அடி என்று
பிறகு கணக்குப் போட்டார்கள்.

ஐம்பத்தெட்டுப் பேர் இறங்கினார்கள்.
செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி ஒருவர்
பெட்டி வர இவ்வளவு நேரமா என்று சண்டை போட்டார்.
கேட்க அத்தனை இனிமையாக இருந்தது.

பணியிலிருந்து விலக்கிய மூன்றாவது நாள்
சும்மா ஏற்காடு பஸ்ஸில் ஏறினேன்.
பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
எதிரே இன்னொரு பஸ்.
கண்டக்டர் இறங்கித் தகரத்தைத் தட்டினார்:
"வா, வா, வா, நில்லு, ஒடி, ரைட்."
ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் ஒரு சாண்.
அந்தப் பக்கம் ஒரு குழந்தை கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது,
வாசனை இங்கே வந்தது.
டிரைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து
இரண்டு விரல் தூக்கினார்கள்.
யாரும் எதையும் எழுதவில்லை.
எனக்கு மட்டும் தொடை நடுங்கியது.

கேப்டனின் முகம் எனக்குத் தெரியாது.
ருஷிகேஷ் பள்ளியை விட்டுவிட்டான் என்றார்கள்,
இல்லை, ஊருக்குத்தான் போயிருக்கிறான் என்றும் சொன்னார்கள்.

ஏழு வாரம் கழித்து மறுபடி அதே நாற்காலி.
மலை அன்று முழுசாக இருந்தது.
"ஏழாயிரத்துக்கு இறங்குங்கள்."
"ஏழாயிரத்துக்கு இறங்குகிறேன்."
சரியாகத்தான் சொன்னார்.
"இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றேன்.
வானத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது.
ஸ்ட்ரிப்பில் எழுதியிருந்த எண்ணை
உள்ளங்கையால் மூடிக்கொண்டு
காத்திருந்தேன்.