வெள்ளைக்கு ஓர் எண்

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது
ஒன்பது மொழிகளில் எச்சரிக்கை.
அதற்கடியில், சோப்புக்கட்டி அளவில், வெரிஃபையர்.
அதற்கும் அடியில் தனி உறையில்,
கையெழுத்திட்ட சான்றிதழோடு
ஓர் அட்டை.

புவெர்த்தோ மோன்ட். ஜூலை.
மழை பெய்கிறது என்று இங்கே யாரும் சொல்வதில்லை,
நின்றால்தான் சொல்வார்கள்.
காலை ஆறு மணிக்கு லாரி.
நாலு அடுக்கு சால்மன் பெட்டிகள் கிடங்கில் உறைந்து நிற்கின்றன.
போன மாதம் ஒசாக்காவிலிருந்து வந்த கடிதத்தில்
மீனைப் பற்றி ஒரு குறையுமில்லை.
கோடுகளைப் பற்றித்தான்.
இனிமேல் 'பி'க்குக் கீழே வாங்கமாட்டார்களாம்.

எங்கள் கைஸ்கேனருக்கு இளகிய மனசு.
கசங்கியது, நனைந்தது, செதில் ஒட்டியது
எதைக் காட்டினாலும் 'பீப்' என்று ஏற்றுக்கொள்ளும்.
இது அப்படியில்லை. மார்க் போடும்.

யூ.எஸ்.பி. வயரைச் செருகினேன்.
புதிய சாதனம் என்றது கணினி,
பிறகு அப்படி எதுவும் இல்லை என்றது.
டிரைவரை ஏற்றினேன், அணைத்தேன், மறுபடி போட்டேன்.
மூன்றாம் போர்ட்டில் தேடிக்கொண்டிருந்தது மென்பொருள்,
நான்காம் போர்ட்டில் காத்திருந்தது கருவி.
ஒரே வீட்டில்
எனக்கும் லௌதாரோவுக்கும் இப்படி ஒரு வருஷம் போனது.

ஒருவழியாகச் சிவப்பு விளக்கு எரிந்தது.
திரை கேட்டது:
அட்டையிலுள்ள வெள்ளையின் மதிப்பு என்ன?

நூறு என்று நினைத்திருந்தேன்.
மூலையில் பொடி எழுத்தில் இருந்தது:
எண்பத்து நாலு புள்ளி இரண்டு.
கறுப்புக்கு மூன்று.
பூஜ்யம்கூட இல்லை.

அட்டையை வைத்து அளந்தேன்.
எழுபத்தொன்பது. தவறு.
மறுபடியும் எழுபத்தொன்பது.
வயரைத் திட்டினேன்,
மேலே மினுக்கும் டியூப்லைட்டைத் திட்டினேன்,
கருவியை விற்ற சாந்தியாகோக்காரனை
அவன் அம்மாவோடு சேர்த்துத் திட்டினேன்.
அப்புறம் அட்டையைச் சாய்த்துப் பார்த்தால்
வெள்ளையின் நடுவே ஒரு பெருவிரல்.
என்னுடையது. சாயங்கால ரொட்டியின் வெண்ணெயோடு.

துடைத்தேன். எண்பத்து நாலு புள்ளி இரண்டு.

இப்போது எங்கள் லேபிள்.
பத்து இடத்தில் குறுக்கே ஓடி,
பத்தையும் கூட்டிப் பார்த்துச் சொன்னது: 'சி'.
கோடுகளில் பழுதில்லை. ஓரத்து வெற்றிடம் சரி.
கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள தூரம்தான் போதவில்லை.
எழுபது வேண்டாம், ஐம்பத்தைந்து போதும்.
இருந்தது ஐம்பத்திரண்டு.
ஏப்ரலில் மாற்றிய காகிதம் அது,
மலிவு, தவிட்டு நிறம்.
மாற்றியவர் தோன் எலியோதோரோ.

ஃபோனில் அவர்தான்.
"வெள்ளைக்கு எண்பத்து நாலுதான் போடணும்னு
யாரு சொன்னது? தொண்ணூறு போடேன், யாஸ்னா."

போட்டேன். பொய் சொல்லவில்லை, போட்டேன்.
மணி அடிக்கவில்லை, சிவப்பாக எதுவும் மின்னவில்லை.
அதே லேபிள், அதே தவிடு.
'பி' என்றது.
கொடுத்த எண்ணை அப்படியே நம்பிவிட்டது.

கொஞ்ச நேரம் அந்த 'பி'யைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நான் துடைத்த விரல்ரேகையை
நானே மறுபடி வைத்த மாதிரி இருந்தது,
இம்முறை வேறு திசையில்.

எண்பத்து நாலு புள்ளி இரண்டு என்று திரும்ப அடித்துவிட்டு
நயாரெத்தை எழுப்பப் போனேன்.
பாய்லருக்குப் பின்னால் பழைய வெள்ளைச் சுருள்
மூன்று இருப்பது அவளுக்குத்தான் தெரியும்.

இரவு முழுக்க உரித்தோம், அச்சடித்தோம், ஒட்டினோம்.
உறைந்த அட்டைப்பெட்டியில் பசை பிடிக்காது;
ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்தி
முப்பது எண்ண வேண்டும்.
நாலாம் அடுக்கில் சுருள் தீர்ந்தது.
பதினேழு பெட்டிகள் போகவில்லை.
அதற்கு யார் பதில் சொல்வது என்று
எட்டு மணிக்குத் தெரியும்.

லாரி கிளம்பியபோது
வளைகுடாவுக்கு மேலே ஏதோ வெளுத்தது.
ஐம்பத்திரண்டு இருக்கும்.
'சி'.
படிக்க முடிந்தது.